ஏணிச் சின்னத்துக்காரர்கள்: வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பம்

வட இத்தாலியின் வெரோனா நகரத்தில், பழைய கடைவீதிக்குப் பின்னால், சாண்டா மரியா ஆன்டிகா என்று ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய முற்றத்தில், தெருவுக்கும் கல்லறைகளுக்கும் நடுவே ஓர் இரும்பு வேலி. நட்டு வைத்த கம்பிகள் அல்ல, ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய இரும்பு வளையங்கள். கையால் தள்ளினால் போர்வீரனின் சங்கிலிக் கவசம்போல நெளிந்து கொடுக்கும். வளையங்களுக்குள் திரும்பத் திரும்ப ஒரே உருவம்தான்: ஒரு குட்டி ஏணி.

ஏணிக்கு இத்தாலிய மொழியில் ஸ்காலா என்று பெயர். வேலிக்குள் உறங்குபவர்கள் டெல்லா ஸ்காலா குடும்பத்தார். 1262 முதல் 1387 வரை, 125 ஆண்டுகள், வெரோனா இவர்கள் கையில் இருந்தது. இந்தக் குடும்பத்தின் பெயரை நம்மில் பலர் அறியாமலே கேட்டிருப்போம். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் சண்டையை விலக்க வருகிற இளவரசன் எஸ்கலஸின் பெயர் ஸ்காலா என்பதன் திரிபுதான். ஷேக்ஸ்பியருக்கு முன்பு இந்தக் கதையை எழுதிய இத்தாலியர் அதை பார்த்தலோமேயோ டெல்லா ஸ்காலாவின் காலத்தில், அதாவது 1301க்கும் 1304க்கும் இடையில், வைத்திருந்தார்.

நாடகத்தில் அவன் இளவரசன். ஆனால் வெரோனாவை ஆண்ட ஸ்காலாக்களில் ஒருவருக்கும் முடிசூட்டு விழா நடக்கவில்லை. அவர்கள் அரச வம்சம் இல்லை. ஊர் கூடிக் கொடுத்த ஒரு பதவியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பரம்பரைச் சொத்தாக மாற்றியவர்கள். அவர்களுடைய வரலாற்றில் வருகிற பெருமையும் கொலையும் இந்த ஒரு முடிச்சிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் எண்ணம். பதவி எப்படிக் கிடைக்கும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. அப்பனுக்குப் பின் அது யாருக்குப் போகும் என்பதற்கு எந்த முறையும் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் வட இத்தாலிய நகரங்கள் பெயருக்கு ஜெர்மானியப் பேரரசரின் குடிகள். பேரரசரோ ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருந்தார். 1176இல் லெஞ்ஞானோ போரில் நகரங்களின் கூட்டணி பேரரசர் பார்பரோசாவைத் தோற்கடித்தது. 1183இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கையில், தங்களைத் தாங்களே ஆளும் உரிமையைப் பேரரசர் அந்த நகரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். மன்னர் இல்லாமல், மன்றமும் சட்டப் புத்தகமும் வைத்துத் தங்களை ஆண்டுகொண்ட இந்த நகரங்களை கொம்யூன் என்பார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஓயாத பகை. பெரிய குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கோபுரம் கட்டி, மேலிருந்து கல்லெறிந்து சண்டை போட்டன. பேரரசர் பக்கம் நின்றவர்கள் கிபெல்லின்கள், போப் பக்கம் நின்றவர்கள் குவெல்ஃபுகள். பல ஊர்களில் இந்தப் பெயர்கள் பழைய குடும்பப் பகைக்குப் போட்ட மேல்சட்டைதான். உள்ளூர்க்காரன் எவனை நீதிபதியாக வைத்தாலும் ஒரு பக்கம் சாய்வான் என்பதால், வெளியூரிலிருந்து ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வரவழைத்தார்கள். பொதெஸ்தா என்று பெயர். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆட்சி செய்வார். பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும். மனிதர்கள் யோசித்து உருவாக்கிய அருமையான ஏற்பாடுகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன். கலகம் முற்றியபோது அதுவும் போதவில்லை.

வெரோனாவில் அந்த இடைவெளியில் புகுந்தவர் எட்செலினோ தா ரொமானோ. பேரரசரின் ஆதரவோடு வெரோனா, விசென்சா, பாதுவா ஆகிய நகரங்களை அடக்கி ஆண்டார். அவருடைய கொடுமையைப் பற்றிய கதைகளில் எதிரிகள் கூட்டிச் சொன்னதும் கலந்திருக்கும். ஆனாலும், நரகத்தில் கொதிக்கும் இரத்த ஆற்றில் அவரை நிறுத்தி வைத்தார் கவிஞர் தாந்தே என்றால், அந்தப் பெயர் எத்தனை தலைமுறைக்கு அச்சம் தந்திருக்கிறது என்பது புரியும். 1259இல் எட்செலினோ போரில் காயம்பட்டுச் சிறையில் இறந்தார். மறுபடி கலகம் மூளும் என்று பயந்த வெரோனா, தனக்குள்ளிருந்தே ஒருவரைத் தேடியது.

கிடைத்தவர் மாஸ்தீனோ டெல்லா ஸ்காலா. ஊரின் முதல் வரிசைப் பிரபு அல்ல. வணிகர்களும் கைவினைச் சங்கங்களும் நம்பிய நகரத்து மனிதர். முதலில் பொதெஸ்தா, பிறகு 1262இல் மக்கள் தலைவர். இந்த இரண்டாவது பதவி முக்கியமானது. பெரிய குடும்பங்களிடமிருந்து சாதாரணக் குடிகளைக் காப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட பதவி அது. 1277 அக்டோபரில் நகர மையத்தில், தம் வீட்டுக்கு அருகிலேயே, பகைவர்கள் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

அப்போது அவர் தம்பி ஆல்பர்தோ பக்கத்து மாந்துவா நகரத்தில் பொதெஸ்தாவாக இருந்தார். செய்தி கேட்டு விரைந்து வந்தார். கூடிய மக்கள் அவரையே தலைவராக்கினார்கள். கைவினைச் சங்கங்களின் தலைவர்களுக்கும் வெரோனா மக்கள் அனைவருக்கும் அவர் தலைவர் என்று பதவிப் பெயர் எழுதப்பட்டது. பதவி ஆயுள் முழுவதுக்கும் உரியது. சட்டங்களைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு அதிகாரம். எல்லாம் முறைப்படி, மன்றத்தின் முன்னால், எழுத்து மூலமாக நடந்தது. யாரும் கோட்டையைப் பிடிக்கவில்லை, மன்றத்தைக் கலைக்கவில்லை. ஆல்பர்தோவின் மகன்கள் காலத்திலும் மன்றம் கூடியது, கையெழுத்துப் போட்டது. வேறு முடிவெடுக்கும் வலுதான் அதற்கு இல்லாமல் போனது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்று நாம் சொல்வோமே, அதை இவர்கள் செய்யவில்லை. ஏணியைத் தங்கள் வீட்டுச் சுவரில் நிரந்தரமாகச் சாத்தி வைத்துக்கொண்டார்கள்.

ஆல்பர்தோவின் காலம் வெரோனாவுக்கு நல்ல காலம் என்று எழுதுவார்கள். ஆல்ப்ஸ் கணவாய்களிலிருந்து இறங்கி வரும் அடிஜே ஆறு ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஜெர்மனியிலிருந்து வெனிஸுக்குப் போகும் சரக்குக்கு அது இயற்கையான வழி. கம்பளித் துணி நெசவு செழித்தது. 1301இல் அவர் கட்டிய வணிகர் மாளிகை இன்றும் கடைவீதிச் சதுக்கத்தில் நிற்கிறது.

அதே ஆல்பர்தோவின் பெயரோடு இன்னொன்றும் ஒட்டியிருக்கிறது. 1267இல் ஜெர்மானியப் பேரரசர்களின் ஹோஹென்ஸ்டாஃபன் வம்சத்தின் கடைசி வாரிசான கொன்ராதின் என்ற 15 வயதுப் பையன் இத்தாலிக்கு வந்தபோது, வெரோனா அவனுக்கு இடம் கொடுத்தது. மறு வருடம் நேப்பிள்ஸில் அவன் தலை துண்டிக்கப்பட்டது. அவனை ஆதரித்த நகரத்தின் மேல் போப்பின் தடை விழுந்தது. அந்தக் கறையைக் கழுவ ஸ்காலாக்கள் எடுத்த வழி கொடியது. கார்தா ஏரிக்கரையில் சிர்மியோனே என்ற சிற்றூரில், திருச்சபை வெறுத்து ஒதுக்கிய கேத்தர் நெறியினர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கொலை செய்யக் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, புலால் உண்ணக் கூடாது என்று வாழ்ந்தவர்கள். 1276இல் அவர்களைப் பிடித்து வந்தார்கள். 1278 பிப்ரவரி 13 அன்று வெரோனாவின் ரோமானிய வட்டரங்கில் சுமார் 200 பேரை உயிரோடு எரித்தார்கள். இன்று கோடைக்கால இரவுகளில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து இசைநாடகம் பார்க்கும் அதே அரங்கு அது. அந்தக் கல்படிகளின் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது. அதை மாற்றிக்கொள்ளவும் நான் விரும்பவில்லை.

ஆல்பர்தோவுக்குப் பின் பார்த்தலோமேயோ, ஆல்போயினோ, கான்கிராந்தே என்று மூன்று மகன்களும் அடுத்தடுத்து ஆட்சிக்கு வந்தார்கள். பார்த்தலோமேயோ மூன்றே ஆண்டுகளில் இறந்தார். 1308 முதல் இளையவர்கள் இருவரும் கூட்டாக ஆண்டார்கள். இத்தாலிக்கு வந்திருந்த பேரரசர் ஏழாம் ஹென்றி, 1311இல் இருவரையும் வெரோனாவில் தம் பிரதிநிதிகளாக நியமித்தார். ஊர் மக்கள் கொடுத்த பட்டயத்தோடு பேரரசர் கொடுத்த பட்டயமும் சேர்ந்தது. ஊர் ஒருநாள் மனம் மாறினாலும், மேலிடத்து ஆணை இருக்கிறது என்று சொல்லலாம். மிலானின் விஸ்கொன்தி குடும்பமும் அந்த ஆண்டு அப்படி ஒரு பட்டயத்தை வாங்கியது. கிரீடம் இல்லாதவர்களுக்கு அந்தக் காகிதம் அவ்வளவு தேவைப்பட்டது.

அந்த ஆண்டின் இறுதியில் ஆல்போயினோ இறந்ததும், 20 வயது கான்கிராந்தே தனித் தலைவரானார். பெயரின் பொருள் ‘பெரிய நாய்’. நம் காதுக்கு வசையாக ஒலிக்கலாம். இந்தக் குடும்பத்தில் அது பெருமைக்குரிய பெயர். மாஸ்தீனோ என்பதே காவல் நாயின் ஓர் இனம். பிறகு வந்த கான்சிஞ்ஞோரியோவும் அந்த வரிசைதான். கல்லறைகளிலும் கவசங்களிலும் ஏணிக்குப் பக்கத்தில் நாயின் தலை இருக்கும். தேவாலய வாசலுக்கு மேல் நின்ற கான்கிராந்தேயின் குதிரைச் சிலையில், இறக்கை முளைத்த நாய்த்தலைக் கவசத்தைக் கழற்றி முதுகில் தள்ளிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். போரிலும் சாவிலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்ட ஒரு காலத்தில், தன் கல்லறைக்கு மேலேயே சிரித்துக்கொண்டிருக்கும் மனிதரை வேறெங்கும் நான் கண்டதில்லை. அசல் சிலை இப்போது காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃப்ளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட தாந்தே தஞ்சம் புகுந்த வீடு இதுதான். முதலில் மூத்தவரிடமும், பிறகு சில ஆண்டுகள் கான்கிராந்தேயிடமும் இருந்தார். தம் பெருங்காவியத்தின் சொர்க்கப் பகுதியில் ஒரு முன்னோர் வாயால் தமக்கே குறி சொல்லிக்கொள்வார் தாந்தே. அயலார் ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்றும், அயலார் வீட்டுப் படிகளில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்றும் நீ அறிவாய் என்பது அந்தக் குறி. ஃப்ளோரன்ஸில் ரொட்டிக்கு உப்புப் போடும் பழக்கமில்லை என்பது தெரிந்தால் முதல் வரி இன்னும் சுடும். இரண்டாம் வரியில் படிகளுக்கு அவர் எழுதிய சொல்லும் ஸ்காலாவின் பன்மைதான். சில வரிகள் தள்ளி, ஏணியின் மேல் பறவை அமர்ந்த சின்னம் தாங்கிய பெரிய லொம்பார்தியன் உனக்கு முதல் அடைக்கலம் தருவான் என்று வருகிறது. நன்றியும் வலியும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. தஞ்சம் தந்தவர்கள் என்பதற்காக தாந்தே வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. ஆல்பர்தோ தம் முறைதவறிப் பிறந்த மகனை, தகுதி பார்க்காமல், சான் ஜேனோ மடத்துக்குத் தலைவராக்கியதை அதே காவியத்தில் பெயர் சொல்லாமலே குத்திக் காட்டினார்.

கான்கிராந்தேயின் வாழ்நாள் வேலை பாதுவாவைப் பிடிப்பது. 1311இல் விசென்சா கைக்கு வந்தது. பாதுவாவுக்கு 1328 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1329 ஜூலை 18 அன்று த்ரெவீசோவுக்குள் வெற்றியாளராக நுழைந்தார். நான்காம் நாள், ஜூலை 22 அன்று, அந்த ஊரிலேயே இறந்தார். வயது 38. வெயிலில் வந்து குளிர்ந்த ஊற்று நீரைக் குடித்ததால் வயிறு கெட்டு இறந்தார் என்று எழுதி வைத்தார்கள். கூடவே விஷம் என்ற முணுமுணுப்பும் இருந்தது.

2004இல் கல்பெட்டியைத் திறந்தார்கள். உடல் இயற்கையாகவே பதப்பட்டுக் கெடாமல் கிடந்தது. கல்லீரலிலும் குடலில் மிஞ்சியிருந்த கழிவிலும் டிஜிட்டாலிஸ் என்ற செடியின் நஞ்சு இருந்தது. அந்தச் செடியின் மகரந்தமும் கிடைத்தது. சாமந்தி இனத்துக் கெமோமில் பூவும் கறுப்பு மல்பெரியும் அவற்றோடு இருந்தன. வயிற்று வலிக்கு ஏதோ கஷாயம் என்று கொடுத்ததில் நஞ்சு கலந்திருக்கலாம். தெரிந்து கலந்ததா, தெரியாமல் கலந்ததா என்பதைக் கல்லீரல் சொல்லாது. அவருடைய மருத்துவர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்ற பழைய குறிப்பு மட்டும் இந்தச் சோதனைக்குப் பிறகு கனம் கூடிவிட்டது.

கான்கிராந்தேக்கு முறைப்படிப் பிறந்த பிள்ளை இல்லை. ஆல்போயினோவின் மகன்களான இரண்டாம் மாஸ்தீனோவும் இரண்டாம் ஆல்பர்தோவும் கூட்டாகப் பதவிக்கு வந்தார்கள். ஆட்சி நடத்தியவர் மாஸ்தீனோதான். ஆறே ஆண்டுகளில் ப்ரெஷா, பார்மா, லூக்கா ஆகியவையும் சேர்ந்தன. ஆல்ப்ஸ் அடிவாரத்திலிருந்து டஸ்கனி வரை ஆட்சி நீண்டது. பிரெஞ்சு மன்னரைத் தவிர கிறிஸ்தவ நாடுகளில் இவ்வளவு வருமானம் யாருக்கும் இல்லை என்று எதிரி நகரமான ஃப்ளோரன்ஸின் வரலாற்றாசிரியர் வில்லானி எழுதினார்.

அவ்வளவு பெரியதை ஊரின் ஒப்புதலோடு ஆள முடியாது, படையைக் காட்டித்தான் ஆள முடியும். அதற்குப் பணம் வேண்டும். மாஸ்தீனோ கை வைத்த இடம் உப்பு. வெனிஸின் செல்வத்துக்கு அடிப்படையே உப்பு வணிகத்தின் தனியுரிமைதான். கடற்கழி ஓரம் தமக்கென்று உப்பளம் தொடங்கினார். ஆற்று வழியில் சுங்கம் போட்டார். லூக்காவைத் தருவதாகச் சொல்லி ஃப்ளோரன்ஸையும் ஏமாற்றினார். 1336இல் இரண்டு குடியரசுகளும் கைகோத்தன. மறு ஆண்டு பாதுவா போனது, அண்ணன் ஆல்பர்தோவும் அங்கேயே பிடிபட்டார். 1339இல் சமாதானம் எழுதியபோது த்ரெவீசோ வெனிஸுக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் பார்மாவும் லூக்காவும் கைவிட்டுப் போயின. வெரோனாவும் விசென்சாவும் மட்டுமே மிச்சம்.

அந்தத் தோல்விக் காலத்தில், 1338 ஆகஸ்டில், எதிரியோடு சேர்ந்து சதி செய்கிறார் என்று சந்தேகித்து, வெரோனாவின் ஆயரைத் தெருவில் தம் கையாலேயே குத்திக் கொன்றார் மாஸ்தீனோ. ஆயரும் ஸ்காலா குடும்பத்தவர்தான். அதன் பிறகு அவர் தம் முகத்தை மனைவிக்குக்கூடக் காட்டவில்லை என்று வெரோனாவில் ஒரு கதை உண்டு. கதையை விடுவோம். கல்லறை முற்றத்தில் பெரியப்பா சித்தப்பாக்களுக்கு நடுவே அவருடைய குதிரைச் சிலையும் இருக்கிறது. கான்கிராந்தே சிரிக்கும் இடத்தில், இவருடைய முகமூடிக் கவசம் கீழே இறங்கி மூடியிருக்கிறது.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் பழமொழி. முதல் மாஸ்தீனோ விழுந்ததும் ஆல்பர்தோ எழுந்த வரை வெரோனாவிலும் அது உண்மையாக இருந்தது. அடுத்த தலைமுறையில் தலைகீழானது. காரணம் இவர்கள் பிறவிக் கொடியவர்கள் என்பதல்ல. மூத்த மகனுக்கே பட்டம் என்ற சட்டம் இருந்தால் தம்பி ஆசைப்பட்டாலும் ஊர் ஏற்காது. இங்கே பதவி தனி ஒரு மகனுக்கு இல்லை, குடும்பத்துக்கே என்று ஆகிவிட்டது. அண்ணனும் தம்பியும் சமமாக ஆளலாம், தாலி கட்டாதவளுக்குப் பிறந்த மகனும் ஆளலாம். உரிமை எல்லோருக்கும் உண்டு என்றால், இருப்பவனைத் தீர்த்துவிட்டால் போதும் என்றாகிறது.

1354 பிப்ரவரியில், இரண்டாம் மாஸ்தீனோவின் மகன் இரண்டாம் கான்கிராந்தே வடக்கே மைத்துனரைப் பார்க்கப் போயிருந்தபோது, அதே தகப்பனுக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த ஃப்ரெஞ்ஞானோ, கான்கிராந்தே இறந்துவிட்டார் என்று புரளி கிளப்பி நகரத்தைப் பிடித்தான். கான்கிராந்தே திரும்பி வந்து அவனைக் கொன்றார். கொன்ற கையோடு ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். அதுதான் இன்று காஸ்தெல்வெக்கியோ. அதிலிருந்து அடிஜே ஆற்றின் மேல் மூன்று வளைவுகள் கொண்ட செங்கல் பாலம் ஒன்று போகிறது. பெரிய வளைவின் அகலம் சுமார் 48 மீட்டர். அந்தக் காலத்துக்கு வியக்கத்தக்க பொறியியல். ஆனால் அது ஊர் மக்கள் ஆற்றைக் கடக்கக் கட்டிய பாலம் அல்ல. கோட்டைக்குள் இருப்பவர் மட்டும் வெளியேறுவதற்கான வழி. அக்கரையில் இறங்கினால் வடக்கே மலைகளுக்கும், மனைவி பிறந்த பவேரிய உறவுகள் இருக்கும் நாட்டுக்கும் வழி திறந்திருக்கும். மக்கள் தலைவர் என்ற பெயரில் தொடங்கிய குடும்பம், 92 ஆண்டுகளில், மக்களிடமிருந்து தப்பி ஓட ஒரு பாலம் கட்டியது. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்த்தது. ஆற்றில் விழுந்த கற்களை எடுத்து, 1951க்குள் வெரோனாக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள்.

அந்தப் பாலம் கட்டியவருக்கு உதவவில்லை. 1359 டிசம்பர் 14 அன்று, கோட்டைக்கு வெளியே தெருவில், தம்பி கான்சிஞ்ஞோரியோ அவரைக் குத்திக் கொன்றார். ஊர் எழுந்து பழிவாங்கவில்லை. கான்சிஞ்ஞோரியோ 16 ஆண்டுகள் ஆண்டார், நகரத்தை அழகும் செய்தார். கடைவீதிச் சதுக்கத்தில் பழைய ரோமானியச் சிலையை வைத்து அவர் 1368இல் அமைத்த நீரூற்று இன்றும் ஓடுகிறது. முற்றத்திலேயே மிக ஆடம்பரமான கல்லறையும் அவருடையதுதான், உயிரோடிருக்கும்போதே செய்வித்தது. இன்னொரு தம்பியைச் சிறையில் வைத்திருந்தார். 1375இல் தாம் சாகக் கிடந்தபோது, அந்தத் தம்பியைக் கொல்லச் சொன்னார். தம் மகன்கள் பார்த்தலோமேயோவுக்கும் அந்தோனியோவுக்கும் போட்டி இருக்கக் கூடாது என்பதற்காக. இருவரும் முறைதவறிப் பிறந்தவர்கள். 1381இல் அந்தோனியோ பார்த்தலோமேயோவைக் கொல்வித்தான்.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. 1387 மார்ச்சில் காஸ்தஞ்ஞாரோ என்ற இடத்தில், பாதுவாவுக்காகப் போரிட்ட ஆங்கிலேயக் கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட் வெரோனாவின் படையைச் சிதறடித்தார். அக்டோபரில் மிலானின் ஜான் கலேயாட்சோ விஸ்கொன்தி நகரத்தை எடுத்துக்கொண்டார். அந்தோனியோ இரவோடிரவாக ஆற்று வழியே வெனிஸுக்குத் தப்பினான். மறு ஆண்டு இறந்தான். 1404இல் இன்னொரு ஸ்காலா சில நாள் தலைவராக இருந்து இறந்ததோடு சரி. 1405இல் வெரோனா வெனிஸுக்குப் பணிந்தது, இடையில் சில ஆண்டுகள் தவிர 1797 வரை அப்படியே இருந்தது. குடும்பத்தின் ஒரு கிளை பவேரியாவில், ஏணி என்ற பெயரையே ஜெர்மன் மொழியில் வைத்துக்கொண்டு, 16ஆம் நூற்றாண்டின் இறுதி வரை வாழ்ந்தது. காலக்கணிதத்தில் பெரும் பெயர் பெற்ற ஜோசப் ஸ்காலிஜர் தம்மை இந்த வம்சத்தவர் என்றே சொல்லிக்கொண்டார். அவருடைய எதிரிகள் அதைப் பொய் என்று கிழித்தெறிந்தார்கள்.

உண்மையிலேயே உரிமை கோரியவர் ஒரு பெண். இரண்டாம் மாஸ்தீனோவின் மகள், முறைப்படிப் பிறந்தவர், பெயர் ரெஜீனா. 1350இல் மிலானின் பெர்னபோ விஸ்கொன்தியை மணந்தார். கான்சிஞ்ஞோரியோவின் மகன்கள் முறைதவறிப் பிறந்தவர்கள், ஆகவே வெரோனா எனக்கே உரியது என்று அவர் கேட்டார். கணவரின் படையும் அதற்காகப் போனது, நகரம் கிடைக்கவில்லை. 1381இல், வெரோனாவில் அந்தோனியோ தன் சகோதரனைக் கொல்வித்த அதே ஆண்டில், ரெஜீனா மிலானில் ஒரு தேவாலயம் கட்டத் தொடங்கினார். சாண்டா மரியா அல்லா ஸ்காலா என்று அதற்குத் தம் பிறந்த வீட்டுப் பெயர் வந்தது. 1776இல் அதை இடித்தார்கள். அந்த மனையில் எழுந்த இசை அரங்கம் 1778 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் லா ஸ்காலா.